பெர்பெத்தம்மாவின் குரல் வலசை போனது

தோணிமுனையில் கலங்கரை விளக்கம் கிடையாது, சங்கு ஊதும் ஆலை கிடையாது, கோயில் மணியும் விரிசல் விட்டுத் தகரம் தட்டுவதுபோல்தான் கேட்கும், ஆனாலும் அந்த ஊர் வள்ளம் ஒன்றுகூட மதியச் சோற்றுக்குத் தாமதமாகக் கரை வந்ததில்லை, ஏனென்றால் உச்சி வெயிலில் பெர்பெத்தம்மா வாசலில் நின்று, "இஞ்சேரும், சோறு ஆறிப் போவுது!" என்று புருஷன் கயித்தானைக் கூப்பிடுவாள், அந்தக் குரல் பனைகளைத் தாண்டி, மணல்மேட்டைத் தாண்டி, அலை உடைகிற இடத்தையும் தாண்டிப் போய் விழும், விழுந்ததும் கயித்தான் மட்டுமில்லாமல் அந்தப் பக்கத்துக் கடலில் கிடந்த அத்தனை ஆண்களும் தங்கள் பெண்டாட்டியே கூப்பிட்டதுபோல் பதறிக்கொண்டு வலையைச் சுருட்டுவார்கள்.

அந்தக் குரல்தான் அவளுக்குச் சோறும் போட்டது. மற்றப் பெண்கள் மீன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு அக்கம்பக்கத்து ஊர்களில் தெருத் தெருவாக நடந்து விற்பார்கள், இவள் நாற்சந்தியில் கூடையை இறக்கிவிட்டு ஒரே ஒரு தடவை, "சாளே, நெத்திலியே!" என்பாள், தெருக்கள் அவளைத் தேடி வந்துவிடும். மாதா திருவிழாவுக்கு மைக்செட் வந்தால் அதைச் சோதித்துப் பார்ப்பதும் அவள் பொறுப்பு. அவளை மேடையில் ஏற்றி யாரையாவது திட்டச் சொல்வார்கள். அந்தத் திட்டைத் தாங்குகிற மைக் திருவிழா முழுக்கத் தாங்கும், தாங்காததை அன்றைக்கே வண்டியேற்றித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். யாரைத் திட்டுவது என்பது அவள் இஷ்டம். திட்டு வாங்கினவர்கள் கோபித்துக்கொள்வதில்லை, வருஷம் பூராவும் அதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்வார்கள்.

அந்த வாய்தான் மகனையும் துரத்தியது. இன்னாசி அவளுக்கு ஒரே பிள்ளை. அப்பாவின் வள்ளத்தில் ஏறமாட்டேன், ஓமானில் இழுவைக் கப்பலில் வேலை கிடைத்திருக்கிறது, போகிறேன் என்று அவன் சொன்னபோது பெர்பெத்தம்மாவுக்கு அவனை அனுப்ப மனசில்லை. மனசில்லை என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். அவளோ வாயைத் திறந்து, "போறதுன்னா அப்படியே போயிரு, திரும்பி வராத, வந்தா கால ஒடிச்சு அடுப்புல வைப்பேன்" என்றாள். அவன் அப்படியே போய்விட்டான். கிறிஸ்துமஸ் வந்தது, அவன் வரவில்லை. அடுத்த கிறிஸ்துமஸும் வந்தது, அதற்கும் வரவில்லை. ஞாயிறுதோறும் பூசை முடிகிற நேரத்துக்கு அப்பாவிடம் மட்டும் போனில் பேசுவான். "உங்கம்மா உன்னய வரச் சொல்லுதா" என்று கயித்தான் சொன்னால், "அத அவ வாயால சொல்லட்டும்" என்பான். அவளைக் கேட்டால், "நான் பெத்ததுகிட்ட நான் கெஞ்சணுமாக்கும்" என்று அடுக்களைக்குள் போய்ப் பாத்திரங்களை உருட்டுவாள். இரண்டு பேருக்கும் வீம்பில் ஒரே அச்சு.

மூன்றாவது கிறிஸ்துமஸ் நெருங்கும்போது அவளுக்கு வீம்பு விட்டுப்போனது. ஒரு சனிக்கிழமை காலையில் குழம்பைக் கிண்டிக்கொண்டே, நாளைக்கு அவன் போன் பண்ணினால் என்னிடம் கொடும், ஒரு வார்த்தை, வாலே என்று ஒரே வார்த்தை சொல்லிவிடுகிறேன் என்றாள். கயித்தான் நம்பவில்லை. ஆனாலும் எதற்கும் இருக்கட்டும் என்று போனை அப்போதே சார்ஜில் போட்டு வைத்தார்.

அந்தச் சனிக்கிழமைதான் கோபிசெட்டிபாளையத்துப் பெண் வசுமதி, கறுப்புக் குழாய் ஒன்றையும் சுருள் சுருளாகக் கேபிளையும் மஞ்சள் பெட்டி ஒன்றையும் தூக்கிக்கொண்டு தோணிமுனைக் கரையில் வந்து இறங்கினாள். திமிங்கிலங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற பெண். குளிர்காலம் கழிக்கத் திமிங்கிலங்கள் இந்தப் பக்கம் வருகின்றன, கலங்கல் தண்ணீரில் அவற்றைப் பார்க்க முடியாது, காதால்தான் பிடிக்க வேண்டும். எப்போது வருகின்றன, எங்கே தங்குகின்றன, தங்கிவிட்டு எந்தப் பாதையில் எங்கே போகின்றன, எல்லாவற்றையும் சத்தத்தை வைத்தே சொல்லிவிடலாம் என்று அவள் விளக்கினாள். கருவியைக் கடலில் இறக்கக் கயித்தானின் வள்ளத்தைக் கேட்டாள்.

"அப்போ ஒட்டுக் கேக்க வந்திருக்கீக" என்றார் கயித்தான்.

"ஆமாங்க, அப்படித்தானுங்க" என்றாள் வசுமதி சிரித்துக்கொண்டே.

அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. கேபிள் வைத்த எந்தச் சாமானும் தோணிமுனைக்கு மைக்தான், எந்த மைக்கும் பெர்பெத்தம்மா திட்டாமல் வேலைக்குப் போகக்கூடாது. ஆள் போய் அவளைக் கூட்டிவந்தார்கள். கரண்டியோடே வந்தாள்.

"இது பேசற மைக் இல்லீங்க, கேக்கற மைக்குங்க" என்று வசுமதி மன்றாடினாள்.

"யாராவது பேசினாத்தானம்மா மைக்கு கேக்கும்?" என்று கயித்தான் பொறுமையாக எடுத்துச் சொன்னார்.

பெர்பெத்தம்மா கறுப்புக் குழாயை வாங்கி உதட்டருகில் வைத்தாள். யாரைத் திட்டுவது என்று யோசிக்கவே இல்லை, இரண்டு வருஷமாக நெஞ்சுக்குள் எவன் உட்கார்ந்திருந்தானோ அவன்தான் வாயில் வந்தான். "ஏலே இன்னாசி! வராதலே! வந்தேன்னா கால ஒடிச்சு அடுப்புல வைப்பேன்! உனக்குச் சோறும் கெடையாது, பாயும் கெடையாது, வராதலே!" என்று அடிவயிற்றிலிருந்து எடுத்து விட்டாள், காக்கைகள் எழும்பின, மஞ்சள் பெட்டியின் முள் ஒரு ஓரத்துக்குப் போய் அங்கேயே ஒட்டிக்கொண்டது, ஊர் கைதட்டியது. நல்ல மைக், தாங்கிவிட்டது என்று எல்லாருக்கும் திருப்தி. கருவியை வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு போய், கடலடிப் பாறைத் திட்டான பாருக்கு அப்பால் இறக்கினார்கள்.

கருவி இறங்கும்போது அதோடு கூடவே பெர்பெத்தம்மாவின் குரலும் இறங்கிப் போய்விட்டது. எப்படிப் போனது என்று தோணிமுனையில் யாரும் கேட்கவில்லை, ஈர மணலில் கழற்றிப்போட்ட செருப்பு அலையோடு போவதில்லையா, அப்படிப் போனது. பாருக்கு அப்பால் அந்த நேரம் ஒரு திமிங்கிலம் இருந்தது, அந்தக் குரல் அதன் தொண்டையில் போய் உட்கார்ந்தது. திமிங்கிலத்தின் குரல் கேபிள் வழியே ஏறி, வள்ளத்தோடு கரைக்கு வந்து, காலியாகக் கிடந்த பெர்பெத்தம்மாவின் தொண்டையில் குடி புகுந்தது. காலி வீடு கிடைத்தால் யார்தான் விடுவார்கள்.

மறுநாள் பூசை முடிந்தது, போன் அடித்தது, கயித்தான் போனை அவளிடம் நீட்டினார், அவள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு "வாலே" என்று சொல்ல வாயைத் திறந்தாள். முதலில் காதுக்கு ஒன்றும் எட்டவில்லை, காலுக்குத்தான் எட்டியது. தரை உறுமியது, அடுக்களையில் எவர்சில்வர் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று நகர்ந்தன, பிறகு நீளமாக, ஆழமாக, இறங்கி இறங்கி மறுபடி ஏறுகிற ஒரு முனகல் அந்த வீட்டை நிறைத்து, ஜன்னல் வழியாக வழிந்து, தெருவில் போய் நின்றது.

"லைன் சரியில்லப்பா, என்னமோ இரையுது" என்றான் இன்னாசி மறுமுனையில்.

கயித்தான் போனை வாங்கினார். "லைன் இல்லலே, உங்கம்மா. அவளுக்குத் திமிங்கிலக் குரல் வந்திருச்சு."

"அவளுக்கு எப்பவும் அதான" என்று சொல்லிவிட்டு அவன் வைத்துவிட்டான்.

பெர்பெத்தம்மா அடுக்களையில் போய் உட்கார்ந்து அழுதாள். அவள் அழுததில் தெருவில் பாதிப் பேருக்குப் பாத்திரம் உருண்டது. ஒரு வார்த்தைக்காக இரண்டு வருஷ வீம்பை விழுங்கியவளுக்கு அந்த ஒரு வார்த்தை இல்லாமல் போனது எவ்வளவு பெரிய அநியாயம் என்று நினைத்துப் பாருங்கள்.

ஊர் அதை எடுத்துக்கொண்ட விதம் வேறு. ஒரு வாரத்துக்குள் எல்லாருக்கும் பழகிவிட்டது. மதியம் அவள் வாசலில் நின்று கூப்பிட்டால் இப்போது கடலில் இருந்தவர்களுக்குக் காதில் கேட்கவில்லை, வள்ளத்தின் பலகை வழியாக உள்ளங்காலில் ஏறியது, தூங்குகிறவனும் எழுந்துகொண்டான். இதுதான் முன்னதைவிட வசதி என்று பேசிக்கொண்டார்கள். அழுகிற கைக்குழந்தைகளை அவள் வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள், அவள் இரண்டு வார்த்தை பேசினால் அவை சொக்கி விழுந்தன. அக்கம்பக்கத்து ஊர்களில் அவள் குரல் கொடுத்தால் நாற்சந்திக் கிணற்றில் தண்ணீர் நடுங்கியது, ஜனங்கள் பயந்துபோய் ஓடிவந்தாலும் வந்த காலோடு மீனை வாங்கிக்கொண்டுதான் போனார்கள். கோயிலில் பாட்டுக் குழுவுக்கு ரொம்ப நாளாகக் கீழ்ச்சுருதிக்கு ஆள் இல்லாமலிருந்தது, பங்குக்குரு லியோனார்டு சாமி அவளைக் கூப்பிட்டுக் கடைசி வரிசையில் நிறுத்தினார். அவள் வாயைத் திறந்ததும் பீடத்து மெழுகுத்திரிகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்தன, அதைப் பார்க்கவே பக்கத்து ஊர்க்காரர்கள் வேன் வைத்து வந்தார்கள்.

செய்த பாவத்தைச் சாமியிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கும் போனாள். கூண்டுக்குள் அவள் பேசி முடித்ததும் லியோனார்டு சாமி முகமெல்லாம் வியர்த்து வெளியே வந்து, தூணைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். "என்ன பாவம்னு தெரியல. ஆனா பெருசு" என்று கயித்தானிடம் சொல்லிவிட்டு, எதற்கும் பரிகாரமாக மூன்று ஜெபமாலை கூடுதலாகவே சொல்லச் சொன்னார்.

ஒருத்திக்குத்தான் பழகவில்லை. அடுத்த வீட்டு மர்செலின் பெர்பெத்தம்மாவோடு இருபது வருஷமாகச் சண்டை போடுகிறவள், வேலியில் தொடங்கிக் கோழியில் வளர்ந்த சண்டை. இப்போது அவள் வேலியோரம் வந்து நின்று, "என் கோழி எங்கட்டி?" என்று ஆரம்பித்தால் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு பெரிய, இரக்கமான முனகல் வந்து அவளை அப்படியே தடவிக்கொடுத்தது. சண்டை எப்படித் தொடரும்? "ஏட்டி, ஒரு வார்த்த திட்டேன், மனுசி செத்தா போயிட்ட" என்று மர்செலின் வேலியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவள் சொன்னதுதான் பெர்பெத்தம்மாவின் மனசிலும் இருந்தது, சொல்லத்தான் வழியில்லை.

கயித்தானுக்கு மட்டும் எல்லாம் விளங்கியது. நீளமாக முனகினால் வெந்நீர், குறுக்கி முனகினால் வெற்றிலை, ஏறி இறங்கினால் அந்தப் பயலைப் பற்றி. "முன்னயும் நான் வார்த்தையக் கேட்டதில்ல, சத்தத்தத்தான் கேட்டேன்" என்று வசுமதியிடம் சொன்னார்.

வசுமதி என்ன செய்துகொண்டிருந்தாள் என்றால், ஒரு நாள் விட்டு ஒரு நாள் கயித்தானின் வள்ளத்தில் போய் மிதவையோடு கட்டிய மஞ்சள் பெட்டியைத் திறந்து, ஹெட்போனைக் காதில் மாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். முதல் நாளே அதைக் கழற்றிக் கயித்தானிடம் நீட்டினாள். கயித்தான் வாங்கி மாட்டிப் பார்த்தார். அடிக்கடலில், இறால்கள் கொடுக்கைச் சொடுக்குகிற சடசடப்புக்கும் தொலைவில் போகும் கப்பலின் இரைச்சலுக்கும் நடுவில், தெளிவாக, கரண்டியைக் கையில் பிடித்திருக்கிற தோரணையோடு, அவர் பெண்டாட்டியின் குரல் கேட்டது: ஏலே இன்னாசி, வராதலே, வந்தேன்னா கால ஒடிச்சு அடுப்புல வைப்பேன்.

"நல்லாத்தான் இருக்கா" என்றார் கயித்தான். அவருக்கு நிம்மதியாக இருந்தது.

அந்தப் பதிவை வசுமதி தன் பேராசிரியருக்கு அனுப்பினாள். மனிதக் குரல் கலந்திருக்கிறது, அதை நீக்கிவிட்டு அனுப்பவும் என்று அவர் பதில் எழுதினார். நீக்கினாள். நீக்கியபின் இறால் சத்தம்தான் மிஞ்சியது. அதையும் அனுப்பினாள், பதிவு சுத்தமாக இருக்கிறது என்று பாராட்டு வந்தது.

சரி, ஒரு திமிங்கிலம்தானே என்று விட்டிருக்கலாம். ஆனால் திமிங்கிலங்களுக்கு ஒரு குணம் உண்டு. தங்குகிற இடத்தில் ஒன்று புதிதாகப் பாடினால் மற்றவை சும்மா இருக்காது, கற்றுக்கொள்ளும், மெருகேற்றும், ஒன்றைவிட ஒன்று உரக்கப் பாடும். தை பிறந்தபோது அந்தக் கடலில் குளிர்காலம் கழிக்க வந்திருந்த அத்தனை திமிங்கிலங்களும் இன்னாசியைத் திட்டிக்கொண்டிருந்தன. சில கிழத் திமிங்கிலங்கள் அடுப்பு என்கிற இடத்தில் ஒரு இழுப்பு இழுத்தன. வலை போடப் போன ஆண்கள் கடலுக்கு அடியிலிருந்து அந்தச் சத்தம் வந்ததும் தங்கள் பெயர் இன்னாசி இல்லையென்றாலும் பீடியை அணைத்துவிட்டு நேராக உட்கார்ந்தார்கள். குளிக்கப் போன பிள்ளைகள் சொல்லாமலே கரையேறின.

"என்னம்மா, எப்பப் போவும் இதுக?" என்று ஒரு நாள் மீன் கூடத்தில் எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது மர்செலின் கேட்டாள்.

"மாசி கழிஞ்சா போயிடுமுங்க அக்கா. எங்க போகுதுன்னுதான் இத்தன நாளா யாருக்கும் தெரியாதுங்க. இப்ப இந்தப் பாட்டு இருக்கறதால வழி பூராக் கண்டுபிடிச்சரலாம். லட்சத்தீவுப் பக்கம் எங்க ஆளுக கருவி போட்டிருக்காங்க, அதுக்கும் அந்தாண்ட போட்டிருக்காங்க. எனக்கென்னவோ நேரா ஓமான் கரைக்குத்தான் போகும்னு தோணுதுங்க."

பெர்பெத்தம்மா எழுந்து நின்றாள். அவள் தொண்டையிலிருந்து வந்த சத்தத்தில் தராசுத் தட்டுகள் ஆடின, ஐஸ் பெட்டியில் ஐஸ் வெடித்தது.

"எம்மவன் அங்கதான இருக்கான்" என்றார் கயித்தான், அவளுக்குப் பதிலாக.

அப்போதுதான் ஊருக்கு விஷயம் உறைத்தது. வா என்று சொல்ல நினைத்தவளின் குரலில், ஒரு கடல் நிறையத் திமிங்கிலங்கள் வராதே என்று சொல்லிக்கொண்டு அவள் மகன் இருக்கிற இடத்துக்கே புறப்படப் போகின்றன. அவள் வாயால் சொல்லட்டும் என்று கேட்டவன் அவள் வாயால் இதைத்தான் கேட்கப் போகிறான். கேட்டபின் எந்த ஜென்மத்தில் வருவான்? இத்தனை நாளாக வேன் வைத்து வந்தவர்களுக்குக் காட்டிய வேடிக்கையை அன்றைக்கே மூட்டை கட்டிவிட்டு, திமிங்கிலங்களுக்குப் புது வார்த்தை கற்பிக்க ஊர் கச்சை கட்டி இறங்கியது.

முதலில் பெர்பெத்தம்மாவையே வள்ளத்தில் கூட்டிப்போனார்கள். அவள் குனிந்து தண்ணீருக்குள் முகத்தை வைத்து, தன் திமிங்கிலக் குரலில், வாலே மக்கா, வாலே என்று நினைத்து நினைத்து முனகினாள். கீழே கொஞ்ச நேரம் எல்லாம் அடங்கியது. பிறகு நாலு திசையிலிருந்தும் பதில் வந்தது: வராதலே! அவள் தினம் போனாள், தினம் தலைமுடியில் உப்போடு திரும்பினாள்.

அடுத்து லியோனார்டு சாமி கோயில் ஒலிபெருக்கியைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கடலில் இறக்கச் சொல்லி, கரையிலிருந்து தன் பிரசங்கக் குரலில், "அன்பு மகனே, உன் இல்லம் திரும்பி வருவாயாக" என்று ஒரு வாரம் வாசித்தார். திமிங்கிலங்கள் அதைச் சட்டை செய்யவில்லை. ஒரே ஒரு குட்டி மட்டும் "ஆக, ஆக" என்று கொஞ்ச நாள் சொல்லிக்கொண்டு திரிந்தது, அதன் தாய் அதட்டியதும் அதுவும் விட்டுவிட்டது.

பிறகு ஊரே போனது. எல்லா வள்ளங்களும் வட்டமாக நின்று, ஆணும் பெண்ணுமாக எல்லாரும் ஒரே மூச்சில், "வாலே இன்னாசி!" என்று கத்தினார்கள், தொண்டை கட்டியது, மர்செலின் முன்னால் நின்று பெர்பெத்தம்மாவைப் போலவே பேசிக்காட்டினாள், இருபது வருஷப் பழக்கத்தில் அச்சு அசலாக வந்தது, ஆனாலும் பலனில்லை.

"அதுக்குக் காரணம் உண்டுட்டி" என்றாள் மர்செலின் கரைக்குத் திரும்பும்போது. "திட்டும்போது நீ நெஞ்ச வச்சுத் திட்டியிருக்க. நாங்க கூப்பிடுறது எல்லாம் வாயால கூப்பிடுறோம். அதுகளுக்கு வித்தியாசம் தெரியாமலா போவும்?" பெர்பெத்தம்மா அவள் தோளில் சாய்ந்துகொண்டாள்.

மாசி கழிந்தது. ஒரு காலையில் வசுமதி காதில் மாட்டிக் கேட்டபோது இறால் சத்தம் மட்டும் இருந்தது. வேறொன்றும் இல்லை. தோணிமுனைக் கடலில் இரண்டு மூன்று மாதங்களுக்குப் பிறகு ஆண்கள் நிம்மதியாகப் பீடி குடித்தார்கள், குடித்துக்கொண்டே ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தார்கள். யாருக்கும் அது ருசிக்கவில்லை.

அதன்பின் நடந்ததை ஊர் கோயிலின் பங்குக் கூடத்தில் உட்கார்ந்துதான் கேட்டது. வசுமதியின் தோழர்கள் அங்கங்கே போட்டிருந்த கருவிகளிலிருந்து பதிவுகளை அனுப்பினார்கள், அவள் அவற்றைச் சாயங்கால ஜெபத்துக்கு முன்னால் எல்லாருக்கும் போட்டுக் காட்டினாள், சுவரில் ஒட்டியிருந்த கடல் படத்தில் சிவப்பு மையால் கோட்டை நீட்டிக்கொண்டே போனாள். குமரி முனையைச் சுற்றும்போது பெர்பெத்தம்மாவின் குரல் கொஞ்சம் அவசரமாக இருந்தது. லட்சத்தீவைத் தாண்டும்போது களைத்திருந்தது, ஆனாலும் ஒரு வார்த்தையும் விட்டுப்போகவில்லை. நடுக்கடலில் புயலுக்கு நடுவே, காற்றையும் மழையையும் மிஞ்சிக்கொண்டு, உனக்குச் சோறும் கெடையாது, பாயும் கெடையாது என்று கேட்டது. ஒவ்வொரு தடவையும் பெர்பெத்தம்மா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். எழுந்து போகவும் மாட்டாள். தன் குரலைத்தான் கேட்கிறாள் என்றாலும், அது பாதி வழியிலாவது மனசு மாறாதா என்று அவளுக்கு ஒரு நப்பாசை.

மாறவில்லை. சித்திரையில் ஓமான் கரைக் கருவியிலிருந்து பதிவு வந்தது. அத்தனை திமிங்கிலங்களும் ஒன்றாகச் சேர்ந்து, ஊர் கூடித் தேர் இழுப்பவர்கள்போல் ஒரே குரலில், வராதலே என்றன. திமிங்கிலங்கள் எங்கே குளிர்காலம் கழித்து எந்த வழியாக எங்கே போகின்றன என்பது அன்றைக்கு வசுமதிக்கு முழுசாகத் தெரிந்துவிட்டது. இந்த நாளுக்காகத்தான் அவள் வருஷக்கணக்காகக் காத்திருந்தாள். ஆனாலும் பதிவை நிறுத்திவிட்டு, "மன்னிச்சுருங்க அக்கா" என்று பெர்பெத்தம்மாவின் காலடியில் உட்கார்ந்து அழுதாள்.

அந்த ஞாயிறு இன்னாசியின் போன் வரவில்லை. கயித்தான் தானே கூப்பிட்டுப் பார்த்தார், எடுக்கவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. பெர்பெத்தம்மா மதியம் வாசலில் நின்று கூப்பிடுவதை விட்டுவிட்டாள், வாயை முந்தானையால் கட்டிக்கொண்டு மீன் கூடத்தில் ஒரு மூலையில் போய் உட்கார்ந்தாள், வள்ளங்கள் தாறுமாறான நேரத்தில் கரைக்கு வந்தன. என் வாயே எனக்கு எமனாகிவிட்டதே என்று அவளுக்கு. அவள் பக்கத்தில் மர்செலின் மீன் அரிந்துகொண்டிருந்தாள்.

அப்படி அவர்கள் இருந்த ஒரு மதியம் மீன் கூடத்து வாசலில் ஆட்டோ ஒன்று வந்து நின்றது. பெரிய பெட்டியை இழுத்துக்கொண்டு ஒருவன் இறங்கினான். கறுத்து, மெலிந்து, தாடி விட்டிருந்தான். கயித்தான்தான் முதலில் பார்த்தார், ஐஸ் கட்டியை அப்படியே கீழே போட்டார்.

"என்னம்மா இது?" என்றான் இன்னாசி, நின்ற இடத்திலிருந்தே, அடங்காத கோபத்தோடு. "நிம்மதியா வேல பாக்க விடுதியா? நங்கூரம் போட்டுக் கெடக்கோம், கீழ இரும்புத் தகட்டுல ஒஞ்சத்தம். கேப்டன் கப்பல்ல பொம்பள ஏறிட்டான்னு நாள் பூராத் தேடுதாரு. ஒருத்தியா வந்தாலும் பரவாயில்ல, இருபது முப்பது பேரா நின்னு திட்டுத! கப்பல்ல வங்காளத்தான், பிலிப்பைன்ஸ்காரன் எல்லாவனுக்கும் என் பேரு தெரியும். என்னயப் பாத்தா, வராதலேங்கான்! பாஷ தெரியாதவன்லாம் சொல்லுதான்!"

பெர்பெத்தம்மா வாயில் கட்டிய முந்தானையோடு தலையை இடமும் வலமும் ஆட்டினாள், கண்ணீர் கொட்டியது, நான் அதைச் சொல்ல நினைக்கவில்லை என்று எப்படிச் சொல்வாள்.

இன்னாசி பெட்டியை விட்டுவிட்டு உள்ளே வந்தான். மீன் தண்ணீரில் செருப்பு வழுக்கியது. அம்மாவின் முன்னால் குந்தி உட்கார்ந்தான், கோபம் எங்கேயோ போய்விட்டது, அவன் உதடு கோணிக்கொண்டது.

"முதல்ல கோவமாத்தாம்மா இருந்துச்சு" என்றான். "அப்புறம் படுத்துக்கிட்டே யோசிச்சேன். வராதன்னு சொல்லுதவ வீட்லதான இருப்பா? இவ எதுக்கு இம்புட்டுக் கடலையும் தாண்டி என்னயத் தேடி வந்து வராதங்கா? வேண்டாம்னு சொல்லுததுக்கு யாராச்சும் இவ்ளோ தூரம் வருவாளா?"

மர்செலின் அரிவாள்மணையைத் தள்ளிவைத்துவிட்டுச் சத்தமாக மூக்கைச் சிந்தினாள்.

பெர்பெத்தம்மா முந்தானையை அவிழ்த்தாள். மகனின் தாடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தாள். தரை உறுமியது, தராசுகள் ஆடின, நீளமாக, ஆழமாக, இறங்கி இறங்கி மறுபடி ஏறுகிற அந்த முனகல் மீன் கூடத்தை நிறைத்து, வாசல் வழியாக வழிந்து, கடலில் கிடந்த வள்ளக்காரர்களின் உள்ளங்காலில் ஏறியது.

"அவ என்ன சொல்லுதான்னா..." என்று கயித்தான் விளக்க முன்னால் வந்தார்.

இன்னாசி அப்பாவைக் கையமர்த்தினான்.

"இல்லம்மா" என்றான். "இன்னும் சாப்பிடல."